இரும்பு விலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவதா, விடுவதா?

தோப்பூரில் எனது நெல் களஞ்சியத்திற்கு அண்மையில் ஒரு வீடு. அதன் பின்பக்கத் தகரக் கொட்டிலில் ஒரு சிறிய கார் பல வருடங்களாகக் கிடக்கிறது. வீட்டுக்கார ஹாஜியார் மௌத்தான பின்னர் அவரது மகன் என்னிடம் வந்தார். "நானா, பழைய இரும்புக்காரன் கேட்கிறான். அதே விலைக்கு நீங்களே எடுங்களேன்" என்றார்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். பொனட்டின் மேல் தவளைக் கண்கள் போல் இரண்டு விளக்குகள். கதவுகளுக்கு வெளிப்பிடி இல்லை. பின்னால் டிக்கி மூடியும் இல்லை. 1958 முதல் 1961 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் உருவான ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டின் முதல் ரகம் அது. உலகம் முழுவதற்கும் சுமார் 49,000 மட்டுமே செய்யப்பட்டன. 2006 ஆகஸ்டில் யுத்தம் காரணமாக இப்பகுதி மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது கார் கொட்டிலிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு யாரும் அதை ஓட்டவில்லை.

என் கையில் ஆறு இலட்சம் ரூபா இருந்தது. பெரும்போக நெல் கொள்வனவுக்கு ஒதுக்கிய பணம். ஆசை ஒரு பக்கம் இழுத்தது. ஆனாலும் வியாபாரிக்கு முதலில் கணக்குத்தான்.

சாதகம் என்னவென்றால் இயந்திரம். இதன் 948 சிசி இயந்திரம், நம் நாட்டில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் 1000 காரின் இயந்திரக் குடும்பத்தையே சேர்ந்தது. ஸ்டியரிங் அமைப்பும் மைனரிலிருந்து எடுக்கப்பட்டதே. எனவே பாகம் தேடுவதும், வேலை தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடிப்பதும் பெரிய சிரமமில்லை.

பாதகம் உடலில் இருக்கிறது. இந்தக் காருக்குத் தனியான செசி கிடையாது. தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டிப் பட்டிகளுமே பாரத்தைத் தாங்குகின்றன. பின் ஸ்பிரிங் தகடுகளும் அந்தத் தரையோடுதான் பிணைக்கப்பட்டுள்ளன. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பட்டிக்குள் அது புகுந்துவிட்டது. டிங்கரிங் பாஸ் உடலுக்கு மட்டும் ஒன்பது இலட்சம் என்றார். பிரேக், வயரிங், ஆசனம், பெயின்ட் எல்லாம் வேறு.

"பழைய காருக்கு விலை ஏறத்தானே செய்யும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் நாட்டிலிருந்த வாகனங்களின் விலை ஏறியது உண்மை. ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. தட்டுப்பாட்டில் ஏறிய விலையை நிலையான விலையாக எண்ணி முதலிடக் கூடாது.

அடுத்தது புத்தகம். பதிவு இன்னும் மர்ஹூமின் பெயரில் இருக்கிறது. மகன் மட்டும் விற்க முடியாது. மனைவிக்கு எட்டிலொரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, இரண்டு மகள்மாருக்கும் ஒவ்வொரு பங்கு. நால்வரும் சம்மதிக்க வேண்டும். இதைச் சொன்னதும் தம்பியின் முகம் வாடிவிட்டது.

இன்னொன்றும் என் மனதை உறுத்தியது. அது என்ன கார் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததை மறைத்து இரும்பு விலைக்கு எடுத்தால் இலாபம் வரலாம். ஆனால் நாளை அந்த வீட்டு வாசலால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஆகவே நால்வரையும் அழைத்து விடயத்தை விளக்கினேன். இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். காரைக் கட்டைகளில் ஏற்றி, கூரை ஒழுக்கை அடைத்து, பதிவுப் புத்தகத்தைத் தேடச் சொன்னேன். ஒரு வாரத்தில் புத்தகம் கிடைத்தது. அதிலிருந்த இலக்கமும் காரில் பொறித்திருந்த இலக்கமும் ஒன்றாகவே இருந்தன. சேகரிப்பாளர் ஒருவருக்கு நியாய விலைக்குக் கொடுப்பதென்று அவர்கள் தீர்மானித்துள்ளனர். முகம் வாடிய தம்பிதான் இப்போது தாய்க்கும் சகோதரிகளுக்கும் பங்கைக் கணக்குப் பார்க்கிறார்.

என் ஆறு இலட்சம் நெல்லுக்கே போனது. கொட்டிலைக் கடக்கும்போது ஆசை இன்னும் எட்டிப் பார்க்கிறது, அது வேறு கதை.

இப்படியொரு வாய்ப்பு உங்களுக்கும் வந்தால், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். தரையைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திர நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். செலவை எழுதி, அதற்கு மேல் பாதியையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை இழந்தாலும் தொழில் நிற்காது என்றால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் அதை முதலீடு என்று சொல்லாதீர்கள். ஆசை என்றே சொல்லுங்கள்.