மலை மின்சாரமும் மனித இதயமும்

மேகமலையின் மணலாறு, இரவங்கலாறு முதலிய அணைகளில் தேங்கும் நீர், குழாய்வழி இறங்கிச் சுருளியாறு மின்நிலையத்தின் சுழலியை இயக்குகின்றது. 1978இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் திறன் 35 மெகாவாட். மின்பொறியியல் என்றவுடன் நம் கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்தம் நினைவில் எழுவது இத்தகைய பேராற்றலே ஆகும்.

மனித இதயமும் மின்துடிப்பாலேயே இயங்குகின்றது. ஆயினும் அத்துடிப்பால் மார்பின் தோலில் தோன்றும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் மட்டுமே. இதனைத் துல்லியமாக வரைந்து காட்டும் கருவியை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

மருத்துவமனைச் சுவர்க்கம்பிகளில் நொடிக்கு 50 சுற்றாக மாறும் மின்னோட்டம், நோயாளியின் உடலிலும் சிறிது தூண்டப்பெற்று, இதயத்தின் மெல்லிய குறியை மறைத்துவிடும். உடலில் பொருத்திய இரு மின்வாய்களிலும் பொதுவாக வரும் அவ்விரைச்சலை ஒதுக்கி, அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கிக் காட்டுவது வேறுபாட்டுப் பெருக்கி என்னும் மின்சுற்று. பெருமின்னின் இயல்பைக் கற்ற பொறியாளரே இவ்வாறு சிறுமின்னைப் பிரித்தெடுக்க வல்லவர்.

போடிநாயக்கனூர் அருகே 2012இல் தொடங்கப்பெற்ற அரசினர் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயிலலாம். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் தனிப் பட்டப்படிப்பாகவே உள்ளது. கணிதத்திற்கு அஞ்சி நம் பிள்ளைகள் இத்துறையை விலக்குதல் வேண்டா. பெற்றோரும் பெரியோரும் ஊக்குவித்தல் வேண்டும். ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைத் திருமறை உயர்த்திப் பேசுகின்றது. அப்பணியில் மருத்துவரோடு மின்பொறியாளருக்கும் பங்குண்டு.