காதால் எழுதும் வேலை

பதுளை வைத்தியசாலையில் நாலு நாள் படுத்து எழும்பி வீட்டுக்கு வருபவரின் கையில் ஒரு தாள் இருக்கும். ஊரில் எல்லோரும் ‘டயக்னோசிஸ் கார்ட்’ என்பார்கள். வார்டில் வேலை செய்யும் இளம் மருத்துவர், வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கிடையே அதைக் கையால் எழுதியிருப்பார். என்ன நோய், என்ன சோதனை செய்தார்கள், எந்த மருந்து எத்தனை வேளை, அடுத்த கிளினிக் எப்போது என்பதெல்லாம் ஆங்கிலத்தில், பாதி சுருக்கெழுத்தில் இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனால் வைத்திய உதவியாளர் அதைப் பார்த்துத்தான் மருந்தைத் தொடர்வார். நோயாளி தன் வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் சொல்வதற்கே மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் இதே குறிப்பை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையால் எழுதவில்லை, வாயால் சொன்னார்கள். சத்திரசிகிச்சை முடித்து வெளியே வந்ததும் தொலைபேசியிலோ ஒலிப்பதிவுக் கருவியிலோ நடந்ததை ஒப்பிப்பார்கள். அதை இன்னொருவர் காதில் வாங்கித் தட்டச்சு செய்து, ஒழுங்கான அறிக்கையாக்கித் திருப்பி அனுப்புவார். மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார். இந்த வேலையின் பெயர் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். ஒரு கம்ப்யூட்டர், நல்ல ஹெட்செட், இணைய இணைப்பு ஆகியவை இருந்தால் பசறையிலோ ஹாலிஎலையிலோ வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால், வேலை தேடும் பிள்ளைகள் அடிக்கடி விசாரிக்கும் தொழில்களில் இதுவும் ஒன்று. விசாரிப்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி விளம்பரமாக இருக்கிறது. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

‘டிக்டாஃபோன்’ என்ற வணிகப் பெயர் 1907 இல் பதிவானது. மெழுகு உருளையில் குரலைப் பதிந்து, பிறகு ஓடவிட்டு எழுதிக்கொள்ளும் கருவி அது. 1919 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான மருத்துவப் பதிவேடு இருக்க வேண்டும் என்பதை வைத்தியசாலைகளுக்கான குறைந்தபட்சத் தரங்களில் ஒன்றாக வைத்தது. பதிவேடு கட்டாயமானதும் எழுதும் சுமை பெருகியது. அந்தச் சுமையை முதலில் தூக்கியவர்கள் வைத்தியசாலைகளின் தட்டச்சுப் பெண்கள். 1978 இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கத்தையே அமைத்தார்கள். தொண்ணூறுகளில் ஒலி கணினிக் கோப்பாக மாறி இணையத்தில் ஏறியதும் வேலை பெங்களூருக்கும் சென்னைக்கும் வந்தது. நேர வித்தியாசம் இதற்குப் பெரிய உதவி. கோடைகாலத்தில் நியூயோர்க் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே மாலை 5 மணிக்கு மருத்துவர் பேசி முடிக்கும்போது பதுளையில் அதிகாலை 2.30. நாம் விடிந்ததும் தொடங்கிப் பிற்பகல் 4.30க்கு முடித்தால், அங்கே காலை 7 மணிக்கு அறிக்கை மேசையில் இருக்கும்.

வேலை செய்பவரின் முன்னால் திரை, காதில் ஹெட்செட், காலடியில் ஒரு மிதி. தையல் மெசினை மிதித்துப் பழகிய கால்களுக்கு இந்த மிதி அந்நியமாக இராது. நடுவில் மிதித்தால் குரல் ஓடும், ஒரு பக்கம் மிதித்தால் பின்னே போகும், மறுபக்கம் முன்னே. காலை எடுத்தால் நிற்கும், மீண்டும் மிதித்தால் ஓரிரு விநாடி பின்னுக்குப் போய்த் தொடரும். இதனால் கைகள் விசைப்பலகையை விட்டு விலக வேண்டியதில்லை.

வரும் அறிக்கைகளில் நான்கு வகை முக்கியமானவை. நோயாளி அனுமதிக்கப்படும்போது எழுதும் வரலாறும் உடற்பரிசோதனையும், வேறொரு நிபுணரிடம் கேட்ட ஆலோசனை, சத்திரசிகிச்சை அறிக்கை, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கம். ஒவ்வொன்றுக்கும் தலைப்புகளும் வரிசையும் உண்டு. மருத்துவர் ஒழுங்கில்லாமல் சொன்னாலும் எழுதுபவர் உரிய தலைப்பின் கீழ் வைக்க வேண்டும். கூலி பெரும்பாலும் வரிக்கணக்கில். இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு வரி என்பது இந்தத் தொழிலில் பரவலான அளவு. நூற்றுக்கு 98க்குக் குறையாத துல்லியம் கேட்பார்கள்.

இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். தட்டச்சு இந்த வேலையின் மிகச் சிறிய பங்கு. மருத்துவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், நடந்துகொண்டே பேசுவார். பின்னணியில் தாதிமார் குரலும் இயந்திரங்களின் ஒலியும் கேட்கும். பேசுபவர் டெக்சாஸ்காரராக இருக்கலாம், கொரியாவிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ போனவராகவும் இருக்கலாம். ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றாரா ‘ஹைப்போடென்ஷன்’ என்றாரா? முன்னது உயர் இரத்த அழுத்தம், பின்னது தாழ்வு. ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் விழுங்க முடியாமை, ‘டிஸ்ஃபேசியா’ என்றால் பேச்சுத் தடுமாற்றம். ‘இலியம்’ என்பது சிறுகுடலின் கடைசிப் பகுதி, இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் அதே ஒலிதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறும். மூட்டு வலிக்கான செலெப்ரெக்ஸ், மனச்சோர்வுக்கான செலெக்ஸா, வலிப்புக்கான செரிபிக்ஸ் மூன்றையும் ஒரு களைத்த குரல் சொல்லும்போது காது மட்டும் தனியே தீர்ப்புச் சொல்ல முடியாது. நோயாளிக்கு என்ன நோய், முன்வரியில் என்ன சொன்னார், அந்த நோய்க்கு எந்த மருந்து பொருந்தும் என்று மூளையும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பிழையின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008 இல் நடந்த ஒரு மரணம் காட்டியது. நீரிழிவு நோயாளி ஒருவருக்கு 8 அலகு இன்சுலின் என்று இருக்க வேண்டிய இடத்தில், இந்தியாவில் தட்டச்சு செய்யப்பட்ட சுருக்க அறிக்கையில் 80 என்று விழுந்தது. அதை யாரும் சரிபார்க்காமலே அடுத்த பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 80 அலகு ஏற்றப்பட்டது. 2012 இல் நடுவர் குழு 14 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. ஒரு பூச்சியம்தான்.

அதனால் இந்தத் தொழிலின் முதல் விதி, ஊகித்து எழுதாதே என்பது. கேட்கவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஒலியில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து மேலே அனுப்ப வேண்டும். தரம் பார்ப்பவர் கேட்பார், அவருக்கும் புரியாவிட்டால் மருத்துவரிடமே போகும். வெற்றிடம் விடுவது அவமானம் என்று நினைக்கும் பழக்கத்தை நம் பள்ளிக்கூடங்கள் நமக்குக் கொடுத்திருக்கின்றன. பரீட்சையில் தெரியாத வினாவுக்கும் ஏதாவது எழுதிவை என்று சொல்லியே வளர்த்தார்கள். இந்த வேலைக்கு வருபவர் முதலில் கைவிட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? உடலமைப்பியல், உடலியல், நோய்கள், மருந்துகள், ஆய்வுகூடச் சோதனைகள், ஆங்கில இலக்கணம், அறிக்கை நடை. இவற்றோடு உண்மையான மருத்துவர் குரல்களைக் கேட்டு எழுதும் நீண்ட பயிற்சி. இந்தக் கடைசிப் பகுதி இல்லாத வகுப்பு வகுப்பே அல்ல. மருத்துவச் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளால் கட்டியவை. ‘ஹெப்பட்’ என்றால் ஈரல், ‘நெஃப்ர்’ என்றால் சிறுநீரகம், ‘காஸ்ட்ர்’ என்றால் இரைப்பை. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி அகற்றல், ‘ஆஸ்டமி’ என்று முடிந்தால் துளை அமைத்தல். சில நூறு துண்டுகள் கைவந்தால், முன்பு கேட்டிராத சொல்லையும் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்கு இதில் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று. தமிழில் படித்திருந்தாலும் சரி. ஈரல் என்ன செய்கிறது, சிறுநீரகம் எப்படி வடிக்கிறது என்பது தெரிந்தவருக்குப் பெயர்கள் மட்டுமே புதிது. கருத்தே தெரியாமல் ஆங்கிலம் மட்டும் சரளமாகப் பேசுபவரைவிட இவரே விரைவில் தேறுவார் என்பது என் எண்ணம். ஊவாவின் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு எல்லா இடத்திலும் இல்லை என்பதுதான் வருத்தம்.

இலங்கை வழக்குக்கும் அமெரிக்க வழக்குக்கும் உள்ள வேறுபாடுகளையும் பழக வேண்டும். நமக்கு பரசிட்டமோல், அவர்களுக்கு அசிட்டமினோஃபென். நமது சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல், நமது அட்ரினலின் அங்கே எப்பிநெஃப்ரின். நாம் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் எழுதும் பல சொற்கள் அங்கே ஓரெழுத்துக் குறைந்து வரும். பிரித்தானிய வைத்தியசாலைகளுக்கான வேலை கிடைத்தால் இந்தச் சிக்கல் குறைவு.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம், ஏனென்றால் இந்தத் தொழிலை இன்று தலைகீழாக்கிக்கொண்டிருப்பது அதுதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முதல் வரைவைத் தானே எழுதிவிடுகிறது. அதில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022 இல் மைக்ரோசொப்ட் வாங்கி முடித்தது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானாகவே குறிப்பு எழுதும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் இயந்திரம் எவ்வளவு நம்பத்தக்கது? 2018 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. இயந்திரம் எழுதிய வரைவில் நூறு சொல்லுக்கு 7.4 பிழை. பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் திருத்தியபின் அது 0.4 ஆனது. மருத்துவர் கையெழுத்திட்டபின் 0.3. 2024 இல் வந்த இன்னோர் ஆய்வு, விஸ்பர் என்ற மென்பொருள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில் யாரும் சொல்லாத வாக்கியங்களைத் தானாகச் சேர்த்ததைக் கண்டது.

ஆகவே இன்றைய வேலை பெரும்பாலும் திருத்துவது. ஒலியைக் கேட்டுக்கொண்டே இயந்திரத்தின் வரைவை வாசித்து, தப்பைப் பிடிப்பது. இது எழுதுவதைவிடக் கடினமானது என்றே சொல்வேன், ஏனென்றால் இயந்திரத்தின் பிழைகள் சரியான இலக்கணத்தோடு வரும், கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனாலும் திருத்தும் வரிக்குக் கூலி, முழுதாக எழுதும் வரியைவிடக் குறைவு. ஆட்களின் தேவையும் சுருங்கிவருகிறது. இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைப்பது பாவம்.

வீட்டிலிருந்து என்பதற்கும் நம் ஊரில் தனி அர்த்தம் உண்டு. லயக் காம்பராவில் ஒரு சுவருக்கு அப்பால் பக்கத்துக் குடும்பம். நோயாளியின் தகவல் பிறர் கண்ணிலோ காதிலோ படக்கூடாது என்பது அமெரிக்காவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கட்டாயம். பூட்டக்கூடிய ஓர் அறையும், மின்வெட்டிலும் அணையாத மின்கலமும், மழைக்காலத்திலும் அறுபடாத இணைப்பும் வேண்டும். இந்திய உதவியுடன் மலையகத்துக்கென முதலில் 4,000 வீடுகளும், 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு இது இலகு. மற்றவர்களுக்குப் பொது நிலையம் ஒன்றே வழி. இதற்கு முன்னுதாரணம் இந்த நாட்டிலேயே உண்டு. அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சி என்ற எல்லைக் கிராமத்தில், 2007 அளவில் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் ஆதரவோடு அலுவலக வேலைகளைக் கணினியில் செய்யும் நிலையம் ஒன்று தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்கள் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள். நாட்டின் பல தோட்டப் பகுதிகளுக்கும் எட்டிய நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்களை அந்த வழியில் பயன்படுத்தியிருக்கலாம்.

இடைத்தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 இல் கலிபோர்னியாவின் பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலை ஒன்றின் ஒலிப்பதிவுகள் ஒருவர் கைமாறி, இன்னொருவர் கைமாறி, கடைசியில் கராச்சியில் ஒரு பெண்ணிடம் போயின. கூலி வராததால் அவர் நோயாளிகளின் கோப்புகளை இணையத்தில் போடுவேன் என்று மிரட்டினார். அவர் செய்தது குற்றம். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்குக் கூலி எப்படிச் சுருங்கி, எப்படி வராமலே போகிறது என்பதும் அன்றுதான் வெளியே தெரிந்தது. வேலை எடுக்குமுன் யாருக்காகச் செய்கிறோம், நமக்கும் வைத்தியசாலைக்கும் இடையே எத்தனை கைகள், எந்தத் தேதியில் பணம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பயிற்சிக் கட்டணத்திலும் அதே விழிப்பு தேவை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் வந்தது. ஒரு நிலையம் ஒரு லட்சம் ரூபாய் கேட்டால், 2024 சம்பளக் கணக்கில் அது அம்மாவின் எழுபத்து நான்கு நாள் கொழுந்து. படித்து முடித்ததும் வேலை உறுதி என்று வாக்குத் தருபவர்களிடம் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உறுதி சொல்ல யாராலும் முடியாத காலம் இது. உடலியல் பாடங்களும் மருத்துவச் சொற்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆறு மாதம் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் பணம் கட்டும் வகுப்பை யோசியுங்கள். அந்த அறிவு டிரான்ஸ்கிரிப்ஷனோடு முடிந்துபோகாது. நோய்களுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங், மருந்தக வேலை, ஆய்வுகூட வரவேற்பு, வைத்தியசாலைப் பதிவேட்டுப் பிரிவு எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுவே.

தொழிற்பயிற்சி அதிகாரசபையும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இதில் ஒன்று செய்யலாம். உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, மருத்துவ ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கிக் கற்பிக்கும் ஓர் இலவச வகுப்பைப் பதுளையில் தொடங்குங்கள். ஒரு மண்டபம், இருபது கணினி, ஓய்வுபெற்ற தாதி ஒருவர், நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம்.