ஆயில் கூலர்: பழுதும் அதன் மூலகாரணமும்

மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஊற்றும் எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்காக மட்டுமே இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். ஆனால், ரேடியேட்டரிலிருந்து வரும் நீர் எளிதில் எட்ட இயலாத பிஸ்டனின் அடிப்புறத்திலும், கிராங்க் ஷாப்டைத் தாங்கி நிற்கும் பேரிங்குகளிலும், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போசார்ஜரின் தண்டிலும் பிறக்கும் உஷ்ணத்தை ஏந்திக்கொண்டு வெளியே வருவதும் அந்த எண்ணெய்தான். சுமார் 90 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு வரையில் அது தன் தொழிலைச் செவ்வனே செய்யும். அதற்கு மேல் உஷ்ணம் ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போய், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நிற்க வேண்டிய மெல்லிய படலம் அறுபடத் தொடங்குகிறது. அன்றியும், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெய் பிராணவாயுவோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ரஸாயன சாஸ்திரிகளின் பொதுக்கணக்கு.

இந்த உஷ்ணத்தை இறக்கிவைக்க ஏற்பட்டதே ஆயில் கூலர். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அது ஆயில் ஃபில்டரை ஒட்டினாற்போல் எஞ்சின் பிளாக்கில் பதிந்திருக்கும், கையில் அடங்கக்கூடிய ஓர் அலுமினியப் பெட்டி. அதனுள் மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணெய்க்கும், ரேடியேட்டர் நீராகிய கூலன்ட்டுக்கும் வழி விடப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே உஷ்ணத்தை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது, விரைவில் சூடேறும் கூலன்ட் எண்ணெய்க்கு இதமான சூட்டை ஊட்டுவதும் இதே பெட்டியின் மூலமாகத்தான்.

வண்டி வைத்திருப்போர் இதைப் பற்றி அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆயில் கூலரில் நேரும் கேடு பெரும்பாலும் வேறோர் உறுப்பிலேயே வெளிப்படுகிறது; வெளிப்பட்ட இடத்தை மட்டும் பழுது பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்தை விட்டுவிட்டால், செலவழித்த பணம் வீணாவதோடு எஞ்சினுக்கும் அபாயம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

உலகப் பிரசித்தி பெற்ற வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் நிகழ்ந்தது இதுதான். காற்றாலேயே குளிரும் அந்த எஞ்சினில், விசிறியின் தகட்டு உறைக்குள்ளேயே ஆயில் கூலர் நிமிர்ந்து நின்றபடியால், அதைக் கடந்து சூடேறிய காற்றே 3-ஆம் சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகமாகக் காய்ந்து, அதன் எக்ஸாஸ்ட் வால்வு முறிவது பீட்டிலைப் பழுது பார்த்தவர்களுக்குப் பழகிப்போன செய்தியாயிற்று. அச்சிலிண்டரில் மட்டும் தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரை அமைத்துத் தயாரிப்பாளர்கள் சில காலம் சமாளித்தார்கள். 1971-ஆம் ஆண்டு மாடலில் கூலரையே அப்பாதையிலிருந்து விலக்கித் தனிக் கூண்டில் வைத்து, அதன் சூட்டுக் காற்றை வெளியே தள்ளிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

இதைக் காட்டிலும் துயரமான உதாரணம், அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரையிலான மாடல் ஃபோர்டு பிக்கப் வண்டிகளில் வந்த 6 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். நவிஸ்டார் கம்பெனி தயாரித்த அந்த எஞ்சினின் ஆயில் கூலரில் நீர் செல்லும் வழி மிகவும் குறுகலானது. வார்ப்பின்போது எஞ்சினுக்குள் தங்கிவிட்ட மணல் துகள்களும், கூலன்ட்டில் சேர்த்திருக்கும் ரஸாயனங்கள் பிரிந்து படிந்த கசடும் அவ்வழியைச் சிறிது சிறிதாக அடைத்தன. ஆயில் கூலரைக் கடந்த நீரே, எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலருக்கும் போக வேண்டியிருந்தமையால், போதிய நீர் பெறாத அந்த உறுப்பு உள்ளே கொதித்து விரிசல் கண்டது. அதைத் தொடர்ந்து, எஞ்சினின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டும் பல வண்டிகளில் போயிற்று. இ.ஜி.ஆர். கூலரை மட்டும் புதிதாக மாற்றியவர்கள் அதுவும் மீண்டும் உடைவதைக் கண்டு திகைத்தார்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது எண்ணெயின் உஷ்ணமும் கூலன்ட்டின் உஷ்ணமும் 15 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது சுமார் 8 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேறுபட்டால் ஆயில் கூலர் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளும் வழக்கம் அந்த அனுபவத்தில் பிறந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கூலரும் பயனற்றுப் போயிருக்கலாம் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இனி, ஒழுகும் கூலரைப் பார்ப்போம். வெளிப்புறமாக ஒழுகினால் பெரும்பாலும் ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ காய்ந்து இறுகியிருக்கும். அவற்றை மாற்றினாலே போதும். உள்ளே தகடு ஓட்டையானால்தான் எண்ணெயும் நீரும் கலக்கின்றன. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகமாதலால், முதலில் எண்ணெயே நீருக்குள் புகும். கூலன்ட் தொட்டியைத் திறந்தால் பால் காப்பியின் நிறத்தில் குழம்பு மிதக்கும், ஆனால் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் சுத்தமாகவே தோன்றும். எஞ்சினை நிறுத்தியபின் எண்ணெயின் அழுத்தம் உடனே இறங்கிவிட, சூட்டினால் சற்று நேரம் அழுத்தம் குன்றாமல் நிற்கும் கூலன்ட் எதிர்த்திசையில் எண்ணெய்க்குள் கசியவும் கூடும். அது பேரிங்குகளுக்குப் பெருங்கேடு.

தொட்டியில் குழம்பைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று தீர்மானித்து எஞ்சினின் தலையைக் கழற்றுவது, சோதனையின்றிச் செய்யத்தக்க காரியமன்று. ஹெட் கேஸ்கெட் பழுதானால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலப்பதுண்டு. தொட்டியின் வாயில் வைக்கும் நீலநிறச் சோதனைத் திரவம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக மாறி அதைக் காட்டிக்கொடுக்கும். நிறம் மாறாமல், சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் சரியாக இருந்தால், ஆயில் கூலரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைக் கழற்றி, ஒரு வழியை அடைத்து, மற்ற முனையில் காற்றழுத்தம் கொடுத்து வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழிகள் எழும்பும். பச்சைத் தண்ணீரில் புலப்படாத நுண்ணிய விரிசலும் சூட்டில் விரிந்து வெளிப்படுவதுண்டு.

பழைய லாரிகளிலும் கப்பல்களிலும் உள்ள குழாய்க்கட்டுக் கூலர்களில், ஓட்டையான குழாயின் இரு முனைகளையும் அடைத்து ஓட்டிவிட முடியும். அலுமினியத் தகட்டுக் கூலருக்கு அந்த வசதி இல்லை; உள்ளே ஓட்டையானால் மாற்றுவதே வழி. ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகல்-அடைப்பு மருந்துகளை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். ஓட்டையை அடைக்கும் பொருள் குறுகிய நல்ல வழிகளையும் சேர்த்தே அடைக்கும். கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கோன் பசையைத் தாராளமாகத் தடவுவதும் அப்படிப்பட்டதே. பிதுங்கிய பசை பிய்ந்து எண்ணெய் வழியில் சிக்கிக்கொள்ளும். அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே, டார்க் ரெஞ்ச் கொண்டு சமமாக முடுக்க வேண்டும்.

கூலரை மாற்றிய பின்புதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை ஆரம்பமாகிறது. கலந்த எண்ணெய் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் எஞ்சினின் நீர்ச்சட்டையிலும் பசைபோல் ஒட்டியிருக்குமாகையால், அதற்குரிய சோப்புக் கரைசலை நிரப்பி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, வடித்து, வருகிற நீர் தெளியும்வரையில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். எண்ணெய் பட்டு ஊறி மெத்தென்றான ரப்பர் ஹோஸ்களை நம்பலாகாது. எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, எண்ணெயில் நீர் கலந்திருந்தால் சிறிது தூரம் ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்றுவது உத்தமம். கடைசியாக, சுத்திகரித்த நீரோடு குறிப்பிட்ட ஜாதிக் கூலன்ட்டைக் கலந்து நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

கழற்றிய பழைய கூலரை வண்டிக்குரியவர் கேட்டு வாங்கி, பட்டறையிலேயே அறுத்துக் காட்டச் சொல்வது நல்லது. நீர் வழியில் வெண்ணிறச் செதில் படிந்திருந்தால், ஆழ்துளைக் கிணற்று நீர் போன்ற கடின நீர் ஊற்றப்பட்டிருக்கிறது. பழுப்புச் சேறு இருந்தால் கூலன்ட் காலாகாலத்தில் மாற்றப்படவில்லை. எண்ணெய் வழியில் பளபளக்கும் உலோகத் துகள்கள் கிடந்தாலோ, கேடு கூலரில் தொடங்கவில்லை. புதிய கூலரைப் பொருத்துவதற்கு முன் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பேரிங்குகளைப் பார்த்தாக வேண்டும்.