வாதம் அடித்த கைக்கு ஸ்டெம் செல்

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களைப் பாடு என்று பிரித்து, முறை வைத்து வலை போடுகிறார்கள். முறை வந்த நாளில் பக்கவாதத்தால் வலது கை எழவில்லை என்றால் வீடே தவித்துப்போகும். ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் கை வந்துவிடுமாம்’ என்று யாராவது சொன்னால், படகை விற்றாவது போட்டுவிடத் தோன்றும். விற்குமுன் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன. அவை மீள்வதில்லை. ஆனால் பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் உண்டு. இடுப்பெலும்பின் பின்விளிம்பை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி, ஆய்வகத்தில் சுழற்றிப் பிரித்து, நோயாளியின் கை ரத்தக்குழாயிலேயே ஏற்றிவிடலாம். சொந்தச் செல் என்பதால் உடல் எதிர்க்காது.

அவை மூளைக்குள் போய்ப் புது நரம்பு செல்லாக மாறும் என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். விலங்கு ஆய்வுகளில் பெரும்பாலான செல்கள் நுரையீரலிலேயே சிக்கிக்கொண்டன. ஆனாலும் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, பிழைத்த செல்கள் புது இணைப்பு போட உதவின. எலிகள் தேறின.

மனிதர்களிடம் கதை வேறு. டெல்லி எய்ம்ஸ் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள் 120 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. ஆபத்தில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து, செல் ஏற்றியவர்களும் ஏற்றாதவர்களும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மண்டையோட்டில் துளையிட்டு, வேறொருவர் மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்களை நேரே மூளைக்குள் செலுத்தினார்கள். 2016இல் வந்த முடிவில் 18 பேரில் பலர் முன்னேறியிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் நிரூபணமாகவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் தெளிவாக இருக்கிறது: பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சங்களில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று கையை மீட்பது பயிற்சிதான். முடியாத கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு, மூளையின் பிழைத்த பகுதி பழகிக்கொள்கிறது. வலை ஊசியைப் பிடித்து முடிச்சு போட முயல்வதும் பயிற்சியே. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார்.

அதற்கும் முந்தியது நேரம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பழவேற்காட்டிலிருந்து சென்னை சுமார் 60 கிலோமீட்டர். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று தெரிந்தவர் கூடவே ஏற வேண்டும். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.