களைவிதையை எழுப்பும் நீர்

கலிபோர்னியாவின் கடலோரப் பண்ணைகளில் கொய்மலர் நடுவதற்கு முன், மண்ணுக்குள் நச்சு வாயுவைச் செலுத்திப் பாலித்தீன் தாளால் மூடுவது வழக்கம். அதற்குச் சில நாள் முன்பே நிலத்துக்கு நீர் பாய்ச்சிவிடுவார்கள். பயிரில்லாத நிலத்துக்கு நீர் எதற்கு? உறங்கும் களைவிதைகளை எழுப்பத்தான்.

காய்ந்த விதைக்குள் உயிரின் இயக்கம் ஏறக்குறைய நின்றிருக்கிறது. அதனால் நஞ்சும் அங்கே எளிதில் எடுபடுவதில்லை. ஈரம் பட்டதும் விதை ஊறிப் பருக்கிறது, நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன, சுவாசம் பெருகுகிறது. வாயு அதைக் கொல்ல வல்லது இப்போதுதான். நீர் புகாத கெட்டித் தோலுள்ள மால்வா போன்ற களைகளின் விதைகள் அப்போதும் பிழைத்துக்கொள்ளும்.

களைக்கொல்லி தெளித்தால் போதாதா? ஒரே பண்ணையில் பல வகைப் பூக்கள் வளர்கின்றன. ஒரு பூச்செடி தாங்கும் மருந்து இன்னொன்றைக் கருக்கிவிடும். அதனால்தான் நடவுக்கு முன்பே மண்ணைச் சுத்தப்படுத்த முனைந்தார்கள்.

பல பத்தாண்டுகள் இதற்குப் பயன்பட்டது மெத்தில் புரோமைடு. அதற்கு நிறமில்லை, மணமும் அநேகமாக இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று, கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினை அதோடு கலந்தார்கள். மண்ணிலிருந்து தப்பிய மெத்தில் புரோமைடில் ஒரு பங்கு ஓசோன் படலம் வரை சென்றது. அங்கே அதிலிருந்து பிரியும் ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைவிட ஏறக்குறைய 60 மடங்கு ஓசோனை அழிக்க வல்லது. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1992இல் இவ்வாயுவையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சில விலக்குகளோடு, வளர்ந்த நாடுகளுக்கு 2005, வளரும் நாடுகளுக்கு 2015 எனக் கெடு வைக்கப்பட்டது. காற்றில் இதன் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. ஆகவே பயன்பாடு குறையக் குறைய, வளிமண்டலத்தில் இதன் அளவும் விரைவாகச் சரிந்தது.

மாற்றாக வந்தவற்றுள் ஒன்று மெட்டாம் சோடியம். ஈரமண்ணில் அது மெத்தில் ஐசோதயோசயனேட் ஆகிறது. கடுகுக்குக் காரம் தரும் சேர்மத்தின் குடும்பம். ஆனால் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் கடும் நஞ்சு. வயலில் நிற்கும் தொழிலாளியே அதன் ஆபத்துக்கு முதலில் ஆளாகிறார்.

நீரால் எழுப்பிய விதையைக் கொல்ல நஞ்சுதான் வேண்டும் என்பதில்லை. நீர் பாய்ச்சி, முளைத்த களைகளை மேலாகக் கொத்தி அழிக்கலாம். ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்துவிடும். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976இல் வெளியிட்ட முறையில், ஈரமண்மீது பாலித்தீன் விரித்தால் கோடை வெயிலே மண்ணைச் சூடாக்கி நோய்க்கிருமிகளையும் பல களைகளையும் ஒழிக்கிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் நீராவி அந்த வேலையைச் செய்கிறது. இவற்றுக்கு நாளும் உழைப்பும் எரிபொருளும் செலவாகும். பூவின் விலையில் அந்தச் செலவையும் சேர்த்துத் தருவதே நியாயம். இல்லையேல் அதைத் தொழிலாளியின் நுரையீரல் சுமக்க நேரும்.