ஒரே சட்டை... ஒரே அணி!



சென்ற ஜோனல் வாலிபால் மேட்ச் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது நினைவிருக்கும். பத்தாம் வகுப்பு வரை இங்கே ராஜபாளையத்தில் நம்மோடு படித்து, நம்ம டீமுக்கு ஸ்மாஷ் அடித்த ஒருவர், இப்போது அங்கே ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அவர் எதிர்ப்பக்கம் நின்று சர்வீஸ் போட வந்ததும் நம்ம பக்கத்தில் இருந்து "துரோகி! துரோகி!" என்று ஒரே சத்தம். கத்தினவர்களில் நானும் ஒருவன். ஒளிக்க என்ன இருக்கு?

திரும்பி வரும்போது பஸ்ஸில் பால்கோவா பொட்டலம் கை மாறிக்கிட்டே இருந்தது, கூடவே வாக்குவாதமும். "தோனியைப் பாருடா, ஆரம்பத்துல இருந்து ஒரே டீம்" என்றான் ஒருவன். "அப்ப புனேக்கு ஆடினது உங்க தாத்தாவா?" என்றான் இன்னொருவன். ராஜபாளையம் வரும்வரை சண்டை ஓயவில்லை. அதனால்தான் கொஞ்சம் படித்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் தோனி விஷயம். 2008-ல் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி அவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதுதான் அதிக விலை. ஆனால் சூதாட்டப் புகார் விசாரணைக்குப் பிறகு, 2015 ஜூலையில் லோதா கமிட்டி சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளுக்கும் இரண்டு ஆண்டு தடை போட்டது. அணியே இல்லாதபோது அவர் எங்கே ஆடுவார்? 2016, 2017 இரண்டு சீசனும் புனே சட்டை போட்டார். 2018-ல் சென்னை திரும்பி வந்தது, அவரும் திரும்பி வந்தார், அந்த வருஷமே கோப்பையும் வந்தது. ஆகவே கணக்குப் புத்தகத்தின்படி தோனி ஒரே அணி வீரர் இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கு. எனக்கும்தான். ஆனால் அவர் அணியை விட்டுப் போகவில்லை, அணிதான் இரண்டு வருஷம் காணாமல் போனது!

கணக்குப்படி பார்த்தால் கோலிதான். 2008 மார்ச்சில் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்த கையோடு அவரை பெங்களூரு எடுத்தது. அவர் டெல்லிக்காரர். ஆனால் டெல்லி அணி அவரை எடுக்கவில்லை, பிரதீப் சங்வானை எடுத்தது. அன்று முதல் 2025 வரை 18 சீசனிலும் ஒரே அணிக்கு ஆடியவர் அவர் ஒருவரே. 2009, 2011, 2016 மூன்று பைனலிலும் தோல்வி. 2016-ல் மட்டும் 973 ரன் அடித்தார், அப்பவும் கப் கிடைக்கலை. கடைசியில் 2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்தபோது மைதானத்திலேயே அழுதுவிட்டார். (நான் சென்னை ரசிகன். ஆனாலும் அதைப் பார்த்துக் கொஞ்சம் ஒருமாதிரி ஆயிடுச்சு.)

ஐ.பி.எல்.-ல் ஒரே அணியில் இருப்பது வீரர் கையில் மட்டும் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வரும். 2025 சீசனுக்கு முன்னால் வந்த ஏலத்தில் ஒரு அணி பழைய ஆட்களில் ஆறு பேரைத்தான் பிடித்து வைக்க முடியும் என்று விதி. மீதிப் பேர் ஏலத்துக்குப் போக வேண்டியதுதான். பிடித்து வைக்கவும் பணம் கணக்கு உண்டு. சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருடம் ஆகிவிட்டதால், தோனியை இந்தியாவுக்கு ஆடாத வீரர் என்ற பிரிவில் சேர்த்து 4 கோடிக்குத் தக்கவைத்தார்கள். இந்தியாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் இந்தியாவுக்கு ஆடாதவராம்! விதி அப்படி.

ஏலம் போக, 'டிரேடு' என்று ஒன்று இருக்கிறது. அதாவது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. 2023 பைனலில் கடைசிப் பந்தில் பவுண்டரி அடித்துச் சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை, 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை. யாராவது சென்னை அணியைத் துரோகி என்று சொன்னோமா? வீரர் போனால் மட்டும்தான் அந்த வார்த்தை வருகிறது.

நம்ம தமிழ்நாட்டு ஆளையே எடுத்துக்கொள்வோம். தினேஷ் கார்த்திக் ஐ.பி.எல்.-ல் டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத் லயன்ஸ், கொல்கத்தா என்று ஆறு அணிக்கு ஆடியவர். ஆனால் 2002-ல் ரஞ்சி ஆட ஆரம்பித்ததில் இருந்து உள்நாட்டுப் போட்டிகளில் அவருக்குத் தமிழ்நாடு ஒன்றுதான் அணி. 2021 ஜனவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு ஜெயித்தபோது கேப்டனும் அவரே. இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள்.

பழைய காலத்தில் ஒரே அணியில் கடைசிவரை இருந்தவர்கள் நிறைய. அதெல்லாம் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த பிறகுதான் வேறு கதை தெரிந்தது. இங்கிலாந்தில் டாம் ஃபின்னி என்ற கால்பந்து வீரர், பிரஸ்டன் நார்த் எண்ட் என்ற ஒரே கிளப்புக்கு 1960 வரை ஆடினார். ஆட்டத்தோடு பிளம்பர் வேலையும் பார்த்தவர். 1952-ல் இத்தாலியில் இருந்து பலெர்மோ கிளப் பெரிய தொகை, வீடு, கார் எல்லாம் தருகிறேன் என்று கூப்பிட்டது. பிரஸ்டன் கிளப் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. ஏனென்றால் அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வீரர் போக முடியும். 1961 வரை அங்கே கால்பந்து வீரருக்கு வாரச் சம்பளம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கவும் கூடாது. ஃபின்னிக்குக் கடைசிவரை லீக் பட்டமும் கிடைக்கவில்லை, எஃப்.ஏ. கோப்பையும் கிடைக்கவில்லை.

இந்தப் பிடி 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் போட்ட வழக்கில் கொஞ்சம் தளர்ந்தது. 1995 டிசம்பரில் பெல்ஜியம் வீரர் போஸ்மேன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் எதுவும் கட்டாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்று தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகும் ரோமா அணியிலேயே 2017 வரை இருந்த டோட்டியும், மிலன் அணியிலேயே 2009 வரை இருந்த மால்டினியும்தான் நிஜமாகவே தாங்களே விரும்பி நின்றவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவு திறந்திருந்தும் போகவில்லையே.

நம்ம நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. சுனி கோஸ்வாமி. எட்டு வயதில் கொல்கத்தா மோகன் பகான் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1954-ல் பெரிய அணிக்கு வந்தவர், 1968-ல் ஓய்வு பெறும்வரை வேறு எந்தக் கிளப்புக்கும் போகவில்லை. எதிரிக் கிளப்பான ஈஸ்ட் பெங்கால் கார் தருகிறேன் என்று கூப்பிட்டும் போகவில்லையாம். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குக் கேப்டன் இவர்தான். அதோடு விட்டாரா? கிரிக்கெட்டிலும் வங்காள அணிக்குக் கேப்டனாகி 1971-72 ரஞ்சி பைனல் வரை கொண்டுபோனார்! 2020 ஏப்ரல் 30-ல் காலமானார்.

நம்ம ஊர் ராஜபாளையம் நாய்க்கு ஒரே எஜமான்தான் என்று பெருமையாகச் சொல்வோம். ஆட்டக்காரரிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். அவருக்கும் வீடு, வாசல், சம்பளம் எல்லாம் இருக்கிறதே!

கடைசியாக, நம்ம பழைய நண்பர் பற்றி. அவர் டீம் பிடிக்காமல் போகவில்லை. அவங்க அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலை மாறியது, குடும்பமே அங்கே போய்விட்டது. இது கத்தின அன்றைக்கு எனக்குத் தெரியாது. மேட்ச் முடிந்ததும் அவர் நம்ம பக்கம் வந்து, பி.இ.டி. சாரிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை.

அடுத்த தடவை அவர் சர்வீஸ் போட வரும்போது நான் அப்படிக் கத்த மாட்டேன். ஆனா அவர் பாயிண்ட் எடுத்தா கை தட்டவும் மாட்டேன். நாம ஜெயிக்கணும்ல?

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்