கோரைக்கிழங்கு: மண்ணுக்குள் உயிர்நிற்கும் களை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் மரவள்ளியும் வாழையும் பயிராகும் மேட்டுநிலங்கள் பல உண்டு. இந்நிலங்களில் மண்வெட்டியால் செதுக்கி அகற்றப்பட்ட கோரை, சில நாள்களுக்குள் முன்னிலும் அடர்ந்து தலைகாட்டுகிறது. களையெடுப்புக்குச் செலவிட்ட கூலி வீணாயிற்றே என்று உழவர் வருந்துவர். இதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. வெட்டப்படும் உறுப்பு வேறு, தாவரத்தின் உயிர் நிற்கும் உறுப்பு வேறு என்பதேயாகும்.

இக்களையைத் தமிழர் கோரைக்கிழங்கு என்றும் முத்தக்காசு என்றும் வழங்குவர். மலையாளத்தில் இதன் பெயர் முத்தங்ங. தாவர நூலில் இது சைப்பரஸ் ரோட்டண்டஸ் எனப்படும். இப்பெயரை 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வெளியிட்டார். எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரஸ் இதே பேரினத்தைச் சேர்ந்தது. பாய் முடையப் பயன்படும் கோரையும் இதன் உறவே. அவை நீர் நிற்கும் இடங்களை நாடுவன. முத்தக்காசோ வறண்ட மேட்டிலும் செழிப்பது.

பார்வைக்குப் புல்லெனத் தோன்றினும் இது புல்லன்று. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டது, கணுக்களுக்கிடையே உள்ளீடற்றது. கோரையின் தண்டு முப்பட்டையானது, உள்ளீடு நிறைந்தது. இலைகளும் மூன்று வரிசைகளில் அமைந்திருக்கும். விரல்களிடையே தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகளும் தட்டுப்படும். உச்சியில் செம்பழுப்பு நிறக் கதிர்கள் விரியும். ஆயினும் விதையால் இது பரவுவது அரிது.

இதன் பெருக்கம் நிலத்தடியில் நிகழ்வது. இலைக்கொத்தின் அடிப்பகுதியிலிருந்து மெல்லிய மட்டத்தண்டுகள் மண்ணுள் ஓடுகின்றன. அவற்றின் நுனி பருத்துக் கிழங்காகிறது. அக்கிழங்கினின்று மற்றொரு தண்டு புறப்பட்டு அடுத்த கிழங்கை ஈனுகிறது. இவ்வாறு மணிமாலை போன்ற தொடர் உண்டாகிறது. கிழங்குகளில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கிடக்கும்.

தொடர் அறுபடாதவரை முன்னணியிலுள்ள மொட்டு மற்றவற்றை அடக்கி உறங்கவைக்கிறது. மண்வெட்டி தொடரை அறுத்ததும் அவ்வடக்கம் நீங்குகிறது; உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. ஈரமண்ணில் ஒரு முறை கொத்தி விட்டுவிடுவது, களையை நட்டு வளர்ப்பதற்கு ஒப்பாகும்! முளையின் கூரிய நுனி பிளாஸ்டிக் மூடாக்கையும் துளைத்து வெளிவர வல்லது.

இத்துன்பம் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. உலகின் கொடிய களைகளைப் பற்றி 1977-இல் வெளிவந்த பெருநூல் இதனை முதலிடத்தில் வைத்தது. 92 நாடுகளில் 52 பயிர்களிடையே இது களையாகக் காணப்படுவதாகவும் கூறியது.

எனினும் கோரைக்கு இரு பகைகள் உண்டு. முதலாவது வெயில். மண்ணுள் வறட்சியைத் தாங்கும் கிழங்கு, மேலே எடுத்துப் போடப்பட்டால் ஈரம் வற்றி மடிகிறது. ஆகவே மரவள்ளியை அகழ்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழை குறைந்த நாள்களில் நிலத்தை ஆழக் கொத்திப் புரட்டி, கிழங்குகளைக் காயவிட்டுப் பொறுக்குதல் நன்று. இதனைப் பன்முறை செய்தல் வேண்டும். இரண்டாவது பகை நிழல். கடும் வெயிலில் விரைந்து உணவு தயாரிக்கும் இத்தாவரம் நிழலில் மெலிந்துவிடும். மரவள்ளி வரிசைகளினிடையே தட்டைப்பயறு போன்ற பயிரை அடர்த்தியாக வளர்த்தால் புதிய கிழங்குகள் தோன்றுவது குறையும். வாழைக்கன்றோடு ஒட்டிவரும் மண்ணிலும் கிழங்கு மறைந்திருக்கக் கூடுமாதலின், கன்றை நன்கு தூய்மை செய்து நடுதல் இன்றியமையாதது.

பொறுக்கிய கிழங்குகளை எருக்குழியிலோ வரப்பிலோ எறிதலாகாது. அங்கிருந்து அவை மீண்டும் வயலை அடையும். நறுமணமுள்ள இக்கிழங்கு சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் உரிய மருந்துகளில் சேர்வது, குளியற்பொடியிலும் இடம்பெறுவது. கழுவி உலர்த்திய முத்தக்காசு நாட்டு மருந்துக் கடைகளில் விலைபோகும் சரக்கு. களையெடுத்த கூலியில் ஒரு சிறுபகுதியேனும் அவ்வழியே உழவரிடம் மீளக்கூடும்.